ஏர்போர்ட்டில் பணம் மாற்றாதே, தேவி

தேவிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போன் செய்தபோது கடையில் நான்கு பெயின்டர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கம்பெனியில் உன்னை ஆறு மாதம் இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள், டிக்கெட்கூட வந்துவிட்டது என்று நீ சொல்லச் சொல்ல, நான் அதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அப்பா கலந்துகொண்டிருந்த பெயின்ட் டப்பாவை மூடக்கூட இல்லை. எழுந்து போய்க் காராச்சேவும் அல்வாவும் வாங்கி வந்து அந்த நான்கு பேருக்கும் கொடுத்தார். அதில் ஒருவர், வாங்க வந்த ப்ரைமரை மறந்துவிட்டு அல்வாப் பொட்டலத்தோடு போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்தக் கலகலப்புக்கு நடுவில் நீ ஒரு கேள்வி கேட்டாய். கைச்செலவுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது, எதில் நஷ்டம் குறைவு என்று. நான் ஏதாவது ஒரு கார்டு கொண்டுபோ என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாளாக எனக்கு மனசு சரியில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நானும் அப்பாவும் சிங்கப்பூர் போய்வந்த கதை உனக்குத் தெரியும். நகரும் படிக்கட்டில் ஏற மாட்டேன் என்று உன் அப்பா அடம்பிடித்த கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் நீயே நடித்துக் காட்டியிருக்கிறாய். அது பாதிக் கதைதான். மீதியை நான்தான் விழுங்கிவிட்டேன். அப்போது நீ கல்லூரியில் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருந்தாய். அந்த வருடம் பட்டாசுக் கம்பெனிகளில் போனஸ் நன்றாகக் கொடுத்திருந்தார்கள். போனஸ் கைக்கு வந்தால் நாரணாபுரத்திலும் திருத்தங்கலிலும் முதலில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், அதற்கப்புறம்தான் துணிமணி. நம் கடைக்கு லோடு வந்து இறங்குவதற்குள் விற்றுப் போனது. பெயின்ட் கம்பெனி வைத்திருந்த இலக்கை நாம் தாண்டிவிட்டோம். பரிசாக, டீலர்களோடு நான்கு நாள் சிங்கப்பூர், இரண்டு பேருக்கு. விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. கைச்செலவு மட்டும் நம்முடையது.

எனக்குச் சிங்கப்பூர் பெரிதாகப் படவில்லை. அங்கே என் தம்பி இருந்தான், உன் பாண்டி மாமா. கப்பல் பட்டறை வேலைக்கு என்று போனவன், ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தான். அதுவும் அவன் கல்யாணத்துக்கு, இருபது நாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடச் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றபோது என் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த ஒரு நாள் முழுக்க அவனை நான் கூட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். அவன் சட்டைப்பையில் கை வைக்கவே கூடாது. அக்கா வந்திருக்கிறாள், அக்காதான் செலவு செய்வாள்.

இனி நான் செய்த முதல் தப்பு. எங்களோடு டூருக்கு வந்தவர்களில் சிமென்ட் கடை சாகுல் அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரும் நானும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் உண்டு, இரண்டு தடவை போய்வந்தவர். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்கு வந்து எனக்குச் சொன்னார்.

"மதுரையில பணம் மாத்துற கடை நாலஞ்சு இருக்கு. நாலு இடத்துலயும் ரேட்டு கேட்டுட்டு வாங்குங்க. ஏர்போர்ட்டுல மட்டும் மாத்திராதீக மதினி."

நான் தலையை ஆட்டினேன், போகவில்லை. கடையை விட்டு ஒரு நாள் மதுரைக்குப் போய்வர மனசு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. எனக்குக் கணக்கு வரும் என்ற திமிர். இருபது வருடமாக லிட்டரையும் சதுர அடியையும் மனசிலேயே பெருக்கிச் சொல்கிறவள், எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தேன்.

சென்னை விமான நிலையத்தில் ஒரு கவுண்டர். மேலே பெரிய எழுத்தில் கமிஷன் கிடையாது என்று பலகை. எனக்கு அது போதுமாக இருந்தது. பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன், முந்நூற்று நாற்பத்தைந்து டாலர் கொடுத்தார்கள். பையில் வைத்துக்கொண்டு பெருமையாக வந்து உட்கார்ந்தேன். மதினி எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார், சொன்னேன். அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து எனக்கு நீட்டினார். விமானம் கிளம்பிய பிறகுதான் வகுத்துப் பார்த்தேன். ஒரு டாலர் இருபத்தொன்பது ரூபாய். அவர் மதுரையில் இருபத்தாறே காலுக்கு வாங்கியிருந்தார். கமிஷன் வாங்கவில்லை என்பது உண்மைதான். வாங்க வேண்டியதை விலையிலேயே வாங்கிவிட்டார்கள். தேவி, நான் விற்கிற டப்பாவுக்குள் பெயின்டருக்கு என்று ஒரு டோக்கன் கிடக்கும், உனக்குத் தெரியும். அந்த டோக்கனின் காசு டப்பா விலையில்தான் இருக்கிறது என்று உனக்கு எட்டு வயதில் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் அந்தப் பலகையை நம்பினேன். ஆகவே இதை மறக்காதே. கமிஷன் உண்டா என்று கேட்காதே, என் கையில் எத்தனை பவுண்டு வரும் என்று கேள். எல்லாம் போக, கடைசியில் கைக்கு வருகிற அந்த ஒரு எண்ணைத்தான் நாலு இடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. அப்போதுதான் பேங்கில் எனக்குப் புதிதாக ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருந்தார்கள். கொடுத்த பையன், உலகத்தில் எந்த ஊர் மெஷினில் போட்டாலும் பணம் வரும் என்று சொல்லியிருந்தான். அது பொய்யில்லை. என்ன செலவில் வரும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கையில் இருந்த டாலரை முதல் நாளிலேயே செலவழித்துவிட்டேன். உனக்கு அந்த மஞ்சள் கைப்பையும், கடைப் பையன்களுக்குப் பேனாவும், தெருவில் பாதிப் பேருக்குக் கோடாலித் தைலமும் வாங்கினேன். அதற்கப்புறம் மெஷின். நிறையப் பணத்தைக் கையில் வைத்திருக்கப் பயந்து ஐம்பது ஐம்பது டாலராக எடுத்தேன். இரண்டு நாளில் ஐந்து தடவை. பொத்தானை அமுக்கினால் மொடமொடவென்று புது நோட்டு வருகிறது. உன் அப்பா பக்கத்தில் நின்று, நம்ம ஊர்ப் பணத்தை இது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டி வந்தான். தேக்காவில், நம் ஆட்கள் கூடுகிற இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தான். தேய்த்த சட்டை, புதிதாக வெட்டிய முடி. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். உன் அப்பாதான், நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் அழுதால் போலீஸ் பிடித்துக்கொள்வான், சாப்பிடப் போகலாம் என்று எங்களை நடத்திக்கொண்டு போனார். வாழை இலைச் சாப்பாடு. அவன் ஊரில் ஒவ்வொருவராக விசாரித்தான். உன்னைப் பற்றி அரை மணி நேரம் கேட்டான். நான் எழுந்து, காசு எடுத்து வருகிறேன் என்று பக்கத்தில் இருந்த மெஷினுக்குப் போனேன். கார்டைப் போட்டேன். திருப்பித் துப்பியது. இன்னொரு தடவை போட்டேன். அதேதான். பொருள் வாங்க ஒரு வரம்பு, ரொக்கம் எடுக்க அதைவிடச் சின்னதாக வேறொரு வரம்பு என்று அந்தக் கார்டில் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. பர்சில் பன்னிரண்டு டாலர் கிடந்தது. சாப்பாட்டு பில் இருபத்தொன்று.

திரும்பி வந்து, பணத்தை ரூமில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவன் எழுந்து போய் பில்லைக் கட்டிவிட்டான். அவனுக்கு ஒரு நாள் கூலியே பதினெட்டு டாலர். ஏழு வருடம் கழித்துத் தம்பியைப் பார்க்கப் போனவள், அவன் ஒரு நாள் கூலியையும் அதற்கு மேலும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இலையை மூடக்கூடத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்.

"அக்கா, ரூபா எதுவும் வச்சிருக்கியா, நம்ம ஊரு ரூபா?"

இருந்தது. சென்னையில் இறங்கினால் செலவுக்கு என்று மூவாயிரம் ரூபாயைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்திருந்தேன். அதைக் கொண்டுவா என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். வரிசையாகப் பணம் மாற்றும் கடைகள், நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுதான் ஒவ்வொன்றும். எல்லாக் கடை வாசலிலும் பலகை, அதில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு எண்கள். ஒன்று அவர்கள் வாங்குகிற விலை, இன்னொன்று விற்கிற விலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அவர்கள் லாபம், இடைவெளி குறைவாக இருக்கிற கடையாகப் பார் என்று பாண்டி சொன்னான். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பி அனுப்பி அவனுக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. மூன்று கடை பார்த்து நான்காவது கடையில் மாற்றினோம். மூவாயிரத்துக்கு நூற்றுப் பதினொரு டாலர் கிடைத்தது. பெருமையாக நான் ஏர்போர்ட்டில் வாங்கியதைவிட மலிவு. மெஷினில் எடுத்ததோடு அதை ஒப்பிடவே கூடாது என்று அடுத்த மாதம் பில் வந்தபோது தெரிந்தது. அந்த இடத்திலேயே நான் பாண்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ரூமில் பணம் இல்லை என்பதையும் சேர்த்து.

"அது நீ இலையப் பாத்துப் பேசினப்பவே தெரியும்க்கா" என்றான். அவன் சிரித்தான், உன் அப்பா சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றுப் பதினொரு டாலரை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அந்தச் சந்தில் நின்று சிரித்த சிரிப்புக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இப்போது உனக்கு என்ன வேண்டும் சொல்லு என்று அவனைக் கேட்டேன். சட்டை வேண்டாம் என்றான், ஷூ வேண்டாம் என்றான். வெகுநேரம் யோசித்துவிட்டு, துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் படகு ஒன்று இருக்கிறது, ஏழு வருடமாகக் கரையிலிருந்து பார்த்ததுதான், ஏறியதில்லை என்றான். ஆளுக்கு இருபது டாலர். நான் நோட்டை எடுத்து நீட்டும்போது என் கை அவ்வளவு நிமிர்வாக இருந்தது. மேல்தட்டில் உட்கார்ந்தோம். நல்ல வெயில், நல்ல காற்று. பெரிய பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. ஒன்றின் பக்கத்தில் போகும்போது பாண்டி எழுந்து நின்றுவிட்டான். மேலே கறுப்பு, கீழே செங்கல் சிவப்பு. நம் தெரு முழுவதையும் நிமிர்த்தி வைத்த மாதிரி உயரம்.

"அந்தச் செகப்பு நான் அடிச்சது மச்சான். போன வாரந்தான் தண்ணியில எறக்குனாக. லோடு ஏத்திட்டா அம்புட்டும் தண்ணிக்குள்ள போயிரும், ஒருத்தர் கண்ணுலயும் படாது. இன்னைக்கு வெறுங்கப்பலா நிக்கிது."

உன் அப்பா அந்தக் கப்பலையே பார்த்தார். எத்தனை கோட்டு என்று கேட்டார். ஐந்து என்றான். ப்ரைமர் என்ன, காய எத்தனை மணி நேரம், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அடிக்க வரும் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரின் தோளைத் தட்டி, கப்பலைக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். "மை பிரதர் இன் லா. பெயின்டிங்." அந்த மனுஷன் என்ன புரிந்துகொண்டாரோ, எழுந்து பாண்டிக்குக் கை கொடுத்தார். பாண்டி அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அவனை அவன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. கரைக்கு வந்து மீதிக் காசில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், பாண்டி பெண்டாட்டிக்கு ஒரு சேலை வாங்கினோம். அவன் சட்டைப்பையில் அதற்குப் பிறகு கை வைக்கவில்லை.

இதுவரை சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இனிமேல் வருவது உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு. மாசி மாதம் கார்டு பில் வந்தது. ஐந்து தடவை எடுத்ததற்கு ஐந்து தடவையும் தனித்தனியாகக் கட்டணம். வெளிநாட்டுப் பணம் என்பதால் அதற்கு மேல் ஒரு சதவீதக் கணக்கு. பொருள் வாங்கினால் கிடைக்கிற தவணை நாள் ரொக்கத்துக்குக் கிடையாது, எடுத்த அன்றிலிருந்தே வட்டி. கூட்டிப் பார்த்தால் ஒரு டாலர் எனக்கு முப்பத்து மூன்று ரூபாய்க்கு மேல் விழுந்திருந்தது. ஏர்போர்ட் நஷ்டத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய் வீண். அந்த மாதம்தான் நீ போன் செய்து, வகுப்பில் எல்லோரும் பெங்களூருக்கு டூர் போகிறார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டும் என்று கேட்டாய். கடையில் வியாபாரம் மந்தம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வியாபாரம் மந்தமில்லை, தேவி. உன் பணத்தை அந்த மெஷினில் கொட்டிவிட்டு வந்திருந்தேன். உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டால் பில்லைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த வெட்கத்துக்காக உன்னை ஹாஸ்டலில் உட்கார வைத்தேன். நீ ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. பரவாயில்லைம்மா என்று சொல்லிவிட்டுப் பாண்டி மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். அப்பாவிடம் நான் சொன்னதே ஒரு வருடம் கழித்துத்தான். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே உன் கேள்விக்கு இந்த வயதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பவுண்டிலேயே பணம் ஏற்றித் தருகிற பயண அட்டை இப்போது பேங்குகளில் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் போட்டுக்கொள். ஏற்றுகிற அன்று என்ன விலையோ அதுதான், பிறகு ரூபாய் விழுந்தாலும் உனக்குக் கவலை இல்லை. அட்டைக்கு என்ன கட்டணம், மெஷினில் ஒரு தடவை எடுத்தால் எவ்வளவு, மீதியைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கு. கடையில் நேராக அட்டையைக் கொடுத்து வாங்குவது மலிவு. மெஷினில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடு, என்னைப் போலக் கிள்ளிக் கிள்ளி எடுக்காதே. இறங்கியதும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் நோட்டாக வைத்துக்கொள், அதைப் புறப்படும் முன்பே இங்கே ஊருக்குள் மாற்றிக்கொள். உன் சம்பளக் கணக்கு டெபிட் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று பேங்கில் சொல்லிவைத்து, அதை வேறொரு பையில் போடு. ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கும். கிரெடிட் கார்டில் பொருள் வாங்கு, ரொக்கம் மட்டும் எடுக்காதே. கடையிலோ மெஷினிலோ ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். நம் ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் அந்த விலையை வைப்பவர்கள் அவர்கள்.

இப்படி மிச்சம் பிடிக்கிற பணத்தை எனக்கு அனுப்பாதே. இதற்காக ஒரு வேளை பட்டினி கிடந்தாய் என்று தெரிந்தால் நான் அங்கே வந்துவிடுவேன். குளிருக்கு நல்ல கோட்டு வாங்கு. ரயில் ஏறி நாலு ஊர் பார். கூட வேலை செய்கிற பிள்ளைகளை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிப்போய் நீயே பில் கொடு. மலிவாகப் பணம் எடுப்பது அதற்குத்தான்.

நேற்று ஒரு வேலையாக நானும் அப்பாவும் மதுரைக்குப் போனோம். உன் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, வந்தது வந்தோம், பவுண்டு என்ன விலை என்று கேட்டுவைப்போம் என்றார். மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். யார் போகிறார்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். உன் பெயர், நீ படித்த கல்லூரி, வேலை பார்க்கிற கம்பெனி, அதில் உன் மேஜை எந்த மாடியில் இருக்கிறது, நம் குடும்பத்தில் இங்கிலாந்து போகிற முதல் ஆள் நீதான் என்பது வரை உன் அப்பா சொல்லி முடிக்கும்போது எங்களுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பிள்ளை கடைசி வரை கேட்டுவிட்டு, பலகையில் இருந்த விலையைவிட இருபத்தைந்து பைசா குறைத்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் உன் அப்பா என்னிடம், பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே சொல்.

உன் அம்மா